பெர்மிஷன்: உரிமையா, அனுமதியா?

லினக்ஸ் இயங்குதளத்தில் எக்ஸ் சர்வர், வேலாண்ட் போன்ற சாளர அமைப்பு எதுவும் இல்லாமல் நேரடியாகத் திரையில் வரையும் நிரலை எழுதுகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் பிழைச்செய்தி ‘பெர்மிஷன் டினைட்’. படம் வந்துவிடும், விசைப்பலகையும் மவுஸும் மட்டும் பேசாது. இந்தச் செய்தியைத் தமிழாக்கும்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று எழுதி நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல் இது.

இலத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக. ‘மிட்டெரே’ என்றால் அனுப்புதல், விடுதல். இரண்டும் கூடிய ‘பெர்மிட்டெரே’யிலிருந்து வந்ததுதான் பெர்மிஷன். உள்ளே போக விடுவது என்பதே அடிப்படைப் பொருள்.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் இந்தச் சொல்லைக் கோப்புகளுக்குச் சூட்டியது. உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க முடியுமா என்பது ஒவ்வொரு கோப்பின் மீதும் குறிக்கப்பட்டிருக்கும். லினக்ஸில் விசைப்பலகையும் ஒரு கோப்புதான். ‘டெவ்’ கோப்புறையின் உள்ளே ‘இன்புட்’ கோப்புறையில் ஈவென்ட்0, ஈவென்ட்1 என்று வரிசையாக இருக்கும். பொதுவாக இவற்றின் உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு, குழு ‘இன்புட்’, குறியீடு 660. அதாவது இவ்விரு தரப்பும் படிக்கலாம், எழுதலாம். மற்ற யாருக்கும் எதுவும் இல்லை.

இவ்வளவு கண்டிப்பு தேவைதான். ‘ஏ’ விசையை அழுத்தினால் குறியீட்டு எண் 30, மதிப்பு 1 என்று அந்தக் கோப்பில் ஒரு பதிவு வரும். விட்டால் அதே 30, மதிப்பு 0. எந்தச் சாளரத்தில் தட்டினீர்கள் என்ற பேதமே இல்லை. கடவுச்சொல்லும் இப்படித்தான் வந்து விழும். பயனரை ‘இன்புட்’ குழுவில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பது ஆபத்தான யோசனை. அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எல்லா நிரலுக்கும் எல்லா விசையும் தெரிந்துவிடும். ஜாய்ஸ்டிக்கில் கடவுச்சொல் தட்டுவாரில்லை. அதனால் உள்நுழைந்திருக்கும் பயனருக்கு, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை எளிதாகத் திறந்துவிடுகிறது.

சரியான வழி வேறு. உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட் நூலகம் சாதனக் கோப்பைத் தானாகத் திறப்பதில்லை. ‘ஓப்பன் ரெஸ்ட்ரிக்டெட்’ என்ற செயற்கூறை நாமே எழுதித் தர வேண்டும். அதற்குள்ளிருந்து, பயனர் அமர்வுகளைக் கவனிக்கும் லாகின்டி சேவையிடம் ‘டேக் டிவைஸ்’ என்று கேட்டால், அது தன் ரூட் அதிகாரத்தில் கோப்பைத் திறந்து, திறந்த நிலையிலேயே நம் கையில் கொடுக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இயங்குதளத்தின் மையமான கர்னல், கோப்பின் குறியீட்டைச் சரிபார்ப்பது திறக்கும் தருணத்தில் மட்டுமே. ஒருமுறை உள்ளே விட்டால் விட்டதுதான். வேறொரு பயனர் அமர்வுக்கு மாறிய பிறகும் பழைய நிரல் விசைகளைப் படித்துக்கொண்டே இருக்கலாம். இதை அடைக்கத்தான் 2013இல் லினக்ஸ் 3.12 கர்னலில், கொடுத்ததைத் திரும்பப் பெறும் ‘ரிவோக்’ அழைப்பு வந்தது. அமர்வு மாறியதும் லாகின்டி, தான் கொடுத்ததைச் செயலற்றதாக்கிவிடும்.

ஆக, பெர்மிஷன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கோப்பின் மீது குறிக்கப்பட்டு, யாரும் மாற்றாதவரை நிற்பது ஒன்று. ஒருவர் கேட்க, இன்னொருவர் கொடுத்து, பிறகு திரும்ப எடுத்துக்கொள்வது மற்றொன்று. தமிழில் இவற்றைப் பிரித்துச் சொல்லச் சொற்கள் இருக்கின்றன. முதலாவதை ‘அணுகல் உரிமை’ என்பேன். அணுகு நம் வினைச்சொல். உரிமை என்றதும் நிலைத்து நிற்பது என்ற பொருளும் வந்துவிடுகிறது. இரண்டாவதற்கு ‘அனுமதி’யே பொருந்தும். வடமொழியிலிருந்து வந்தாலும் எல்லோருக்கும் பழகிய சொல்; கொடுப்பவர் ஒருவர் உண்டு என்பதையும் அது காட்டுகிறது. தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘இசைவு’ இருக்கிறது: ஒத்துக்கொள்ளுதல் என்னும் பொருள்கொண்ட இசை என்ற வினையிலிருந்து பிறந்தது. எழுத்தில் அழகான சொல். ஆனால் பிழைச்செய்தியில் அதைப் பார்ப்பவர் ஒரு நொடி தயங்குவார்.

எனவே 13ஆம் எண் பிழையை, அதாவது ‘பெர்மிஷன் டினைட்’டை, ‘அணுகல் உரிமை இல்லை’ என்றே மொழிபெயர்க்கலாம். அனுமதி பறிக்கப்பட்ட பின் படிக்க முயன்றால் கர்னல் தருவது இந்தப் பிழையை அல்ல. ‘அப்படியொரு சாதனம் இல்லை’ என்னும் 19ஆம் எண் பிழையை. விசைப்பலகை கழற்றப்பட்டாலும் இதே எண்தான் வரும். சாதனம் நிறுத்தப்படுவதை அறிவித்து லாகின்டி அனுப்பும் ‘பாஸ் டிவைஸ்’ (PauseDevice) செய்தியையும் சேர்த்துக் கவனிக்கும் நிரலுக்குத்தான் இரண்டில் எது நடந்தது என்று தெரியும்.