மூச்சு வாங்கும் நேரமும் பயிற்சிதான்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் என் இயன்முறை சிகிச்சை அறைக்கு வரும் வலிகளும் மாறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதுவரை தோள், இடுப்பு என்று வந்தவர்கள் மே மாதத்தில் ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வேலை இல்லாத நாள்களில் தொப்பையைக் குறைக்கலாம் என்று கைப்பேசியைப் பார்த்துத் தீவிர இடைவெளிப் பயிற்சியில், அதாவது சிறிது நேரம் முழுவேகம், சிறிது நேரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்யும் பயிற்சியில் இறங்கியவர்கள் அவர்கள்.

அப்படி ஒருவர் பாம்பன் பக்கத்திலிருந்து வந்தார். வயது 38. வலது காலை முழுதாக ஊன்ற முடியவில்லை. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் கயிறு போலத் தடித்திருந்தது. இரு விரலால் பிடித்ததுமே காலை இழுத்துக்கொண்டார். "நான்கே நிமிடம்தான் மேடம். இருபது விநாடி ஓட்டம், பத்து விநாடி ஓய்வு" என்றார். எங்கே ஓடினீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு எதிரே பொதிமணலில், வெறுங்காலோடு, மாலை நான்கு மணி வெயிலில்.

அந்த இருபதுக்குப் பத்து என்ற கணக்கு, ஜப்பானில் இசுமி டபாட்டா குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வால் பரவியது. அதில் பங்கெடுத்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். அவர்கள் மணலில் ஓடவில்லை. ஆய்வகத்தில் நகராத சைக்கிளை மிதித்தார்கள். ஏழெட்டுச் சுற்றில் கால் தானாக ஓய்ந்துபோகும் அளவுக்குக் கடுமை. நேற்றுவரை நடைப்பயிற்சிகூடச் செய்யாத ஒருவர் முதல் நாளே தொட வேண்டிய கணக்கு அது இல்லை. மேலும் பொதிமணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். குதிகால் புதையப் புதைய ஆடுசதைக்குப் பாரம் கூடுகிறது.

எல்லோரும் வேகத்தைத்தான் கவனிக்கிறார்கள். ஓய்வைச் சோம்பலாக நினைத்து வெட்டுகிறார்கள். கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். ஓங்கி இழுப்பார்கள், பிடித்து நிற்பார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுப்பார்கள். நிற்கும் அந்த நேரத்தில் இதயம் தசைகளுக்குப் பட்ட கடனை அடைக்கிறது. அதை அடைக்க விடாமல் அடுத்த சுற்றைத் தொடங்கினால் வேகமும் இருக்காது, கால் வைக்கும் ஒழுங்கும் இருக்காது. முழங்கால் உள்பக்கம் மடிவதும் கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான்.

புதியவர்களுக்கு நான் ஓட்டமே சொல்வதில்லை. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் நடுவயதினரையும் முதியவர்களையும் மூன்று நிமிடம் விரைவாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் மாற்றி மாற்றி நடக்க வைத்தார்கள். ஐந்து மாதத்தில் அவர்களுடைய கால் வலுவும் மூச்சுத் திறனும் கூடின, இரத்த அழுத்தம் குறைந்தது. நம் ஊர் வெக்கைக்கு நான் அதையும் சுருக்கிக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் சாதாரண நடை. பிறகு ஒரு நிமிடம் விரைவு, இரண்டு நிமிடம் மெது, இப்படி ஆறு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். விரைவாக நடக்கும்போது மூன்று நான்கு சொல்லுக்கு மேல் பேச முடியக் கூடாது. மெதுவாக நடக்கும்போது முழு வாக்கியம் பேச வர வேண்டும்; வராவிட்டால் இரண்டு நிமிடம் முடிந்தாலும் அடுத்த சுற்றைத் தொடங்காதீர்கள்.

கீழக்கரையில் 46 வயது அக்கா ஒருவர் இதை மொட்டைமாடியிலேயே செய்கிறார். கைப்பிடிச் சுவரில் ஆறு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து, சுற்றுக்கு ஒன்றாகத் தள்ளிவிடுவார். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் வெறும் வயிற்றில் தொடங்க நான் விடவில்லை. சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதய நோய், அடங்காத இரத்த அழுத்தம், சர்க்கரையால் கண் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

கடற்கரையில்தான் நடப்பேன் என்றால் ஈரம் இறுகிய மணலில் நடங்கள். அங்கும் தரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போன வழியே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகும். சூரியன் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழியுமே தவிர உலராது, உலராமல் உடல் குளிராது.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அது வெறும் உடல்வலி இல்லை. தசை சிதைந்திருக்கலாம், அது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். அன்றே போக வேண்டும்.

பாம்பன்காரருக்கு மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தி, படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். படகு இறங்க ஒன்பது நாள் இருக்கும்போது செருப்பில்லாமல் வந்தவர் ஷூவோடு வந்தார். சாலையில் நடக்கிறாராம், மகள் கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொல்கிறாளாம். "இரண்டு நிமிடம் ஆகும்வரை விடமாட்டேன் என்கிறாள் மேடம்" என்றார்.