‘இறக்குமதி வீரர்’ என்னும் பிழைச்சொல்

பிலிப்பைன்ஸ் கூடைப்பந்தைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், ‘இறக்குமதி வீரர்’ என்னும் தொடர் என் கண்ணை உறுத்துகிறது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்நாடு ஜோர்டானை 70-60 என வென்று, 1962-க்குப் பின் முதன்முறையாகத் தங்கம் பெற்றபோது, அவ்வெற்றிக்குத் தோள்கொடுத்த, அமெரிக்காவில் பிறந்த ஜஸ்டின் பிரவுன்லீயையும் இப்பெயராலேயே சுட்டினர். அன்றே இதை எழுத எண்ணினேன்.

மூலச்சொல் ‘இம்போர்ட்’. உள்ளே சுமந்து வருதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 1975-இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான பி.பி.ஏ.வில், ஒரு குறிப்பிட்ட கோப்பைத் தொடருக்கென ஓர் அணி வெளிநாட்டிலிருந்து அமர்த்திக்கொள்ளும் ஆட்டக்காரரை இச்சொல் குறிக்கிறது.

தமிழில் ‘இறக்குமதி’, ‘இறக்கு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கப்பலிலிருந்து சரக்கை இறக்குவதே அதன் உயிர்ப்பொருள். அதை மனிதருக்கு ஏற்றினால் இகழ்ச்சி தானே வந்து ஒட்டிக்கொள்ளும். தொகுதிக்குத் தொடர்பில்லாதவரைத் தேர்தலில் நிறுத்தினால் ‘இறக்குமதி வேட்பாளர்’ என்று நாம் ஏசுவது அதனால்தான். மூலச்சொல்லிலோ அந்த ஏச்சு இல்லை. பி.பி.ஏ.வில் சிறந்த ‘இம்போர்ட்’டுக்குத் தனி விருது உண்டு, அதை ஏழு முறை வென்ற பாபி பார்க்ஸின் பெயரையே அவ்விருதுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பெருமையாக வழங்கும் பெயரை வசைச்சொல்லால் பெயர்ப்பது மூலத்துக்கு உண்மையாயிருத்தல் ஆகாது. சீனர் இத்தகையவரை ‘வெளியுதவி’ என்னும் பொருள்படவும், ஜப்பானியர் ‘கைகொடுக்க வந்தவர்’ என்னும் பொருள்படவும் அழைக்கின்றனர். அவர்கள் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்து மாற்றவில்லை. வந்தவர் செய்யும் பணியைப் பார்த்துப் பெயரிட்டனர்.

அப்படியானால் ‘வெளிநாட்டு வீரர்’ போதாதா என்று கேட்பர். நானும் நெடுநாள் அவ்வாறே எழுதிவந்தேன். பிரவுன்லீயின் நிலைதான் என் கருத்தை மாற்றியது. 2023 ஜனவரியில் தனிச்சட்டத்தின் வழியே அவர் பிலிப்பைன்ஸ் குடிமகனானார். தேசிய அணிக்கும் ஆடுகிறார். ஆயினும், தம் பி.பி.ஏ. அணியான கினேப்ராவுக்கு ஆடுகையில் அவர் ‘இம்போர்ட்’டாகவே கணக்கிடப்படுகிறார். ஆகவே இச்சொல் குடியுரிமையைக் குறிப்பதன்று, ஒருவர் அணிக்குள் வந்த வழியைக் குறிப்பது. ‘அயல்வரவு வீரர்’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. ‘வரவு’ என்பதில் மனிதர் தாமே வருகிறார். எவரும் அவரைச் சுமந்து வந்து இறக்குவதில்லை. குடியுரிமை மாறினாலும் அப்பெயர் பொய்க்காது.

இதன் இணைச்சொல்லிலும் இதே கவனக்குறைவைக் காண்கிறேன். ‘லோக்கல்’ என்றதும் ‘உள்ளூர் வீரர்’ என்று எழுதிவிடுகின்றனர். பி.பி.ஏ. அணிகளுக்கு ஊரே கிடையாது. அவை நிறுவனங்களின், அவற்றின் பொருள்களின் பெயர் தாங்கியவை. செபு தீவில் பிறந்து சான் மிகெல் அணிக்கு ஆடும் ஜூன் மார் ஃபஹார்தோ எந்த ஊருக்கு உள்ளூர்? அவர் உள்நாட்டு வீரர். அந்த ஒரு சொல்லைத் தேர்வதற்கு அகராதியும் வேண்டியதில்லை, அணியின் பெயரை ஒருமுறை கவனித்தாலே போதும்.

‘பிளேயர் டெவலப்மென்ட்’ என்பதை ‘வீரர் மேம்பாடு’ என்று பெயர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. மேம்பாடு என்ற சொல் இன்று சாலைக்கும் நகருக்கும் அலுவலகப் பெயர்ப்பலகைக்கும் பழகிப்போய்விட்டது. ஆளுக்கு ‘வளர்த்தெடுத்தல்’ என்னும் நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அது இங்கு எத்துணைப் பொருந்தும் என்பதை பி.பி.ஏ.வின் தொடர்களுள் ஒன்றான பிலிப்பைன் கோப்பையே காட்டும். அத்தொடரில் அயல்வரவு வீரர்க்கு இடமில்லை. மற்றத் தொடர்களில் நெருக்கடியான கடைசி நிமிடங்களில் பந்து பெரும்பாலும் அயல்வரவு வீரரின் கைக்கே போகும். இங்கோ அந்தப் பொறுப்பு உள்நாட்டவர் தோளில்தான் விழும். 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்ற ஃபஹார்தோ அத்தகைய ஆட்டங்களில் ஆடி ஆடி வளர்ந்தவர். அந்த வளர்ச்சியை எழுதும்போது ‘மேம்படுத்தப்பட்டார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘வளர்த்தெடுக்கப்பட்டார்’ என்றே எழுதுவேன்.