போலீஸ்கார முன்னோரைத் தேடுகிறீர்களா? முதலில் எந்தப் போலீஸ் என்று பாருங்கள்

குடும்ப வரலாறு தேடித் தருவது என் தொழில். முன்னோர் லண்டனில் போலீஸ்காரராக இருந்தார் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலர், "அவர் ஜாக் த ரிப்பரைத் துரத்தியவர்" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். 1888இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாத கொலைகாரனுக்கு வைத்த பெயர் அது. விக்டோரியா ராணி காலத்து லண்டன் போலீஸ் முழுவதும் அந்த ஒருவன் பின்னால்தான் ஓடியது போலிருக்கிறது! நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர் எந்தப் போலீஸ் என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

அந்தக் கொலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1888 செப்டம்பர் 30 அதிகாலை எலிசபெத் ஸ்டிரைடின் உடல் பெர்னர் தெருவில் கிடைத்தது. அது லண்டனின் பெரும்பகுதியைக் கவனித்த மெட்ரோபாலிட்டன் போலீஸின் எல்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கேத்தரின் எடோஸின் உடலை மைட்டர் சதுக்கத்தில் கண்டவர் 881ஆம் எண் கான்ஸ்டபிள் எட்வர்ட் வாட்கின்ஸ். இவர் லண்டனின் பழைய நகர மையத்துக்கு மட்டுமான சிட்டி ஆஃப் லண்டன் போலீஸைச் சேர்ந்தவர். இரண்டு இடங்களுக்கும் இடையே கொஞ்ச தூரம்தான், நடந்தே போய்விடலாம். ஆனால் போலீஸ் வேறு, தலைமை வேறு, இன்றைக்கு ஆவணங்கள் இருக்கும் இடமும் வேறு. மெட்ரோபாலிட்டன் பதிவேடுகள் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிட்டி போலீஸின் பழைய ஆவணங்களுக்கு லண்டன் ஆர்கைவ்ஸ் என்ற வேறொரு காப்பகத்துக்குப் போக வேண்டும். தவறான வாசலில் நின்று தேடிவிட்டு "ஆள் போலீஸிலேயே இல்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சிக்கல் பெயர். ஜான் ஸ்மித், வில்லியம் பிரவுன் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரே காலத்தில் எத்தனை பேர் வேலை பார்த்திருப்பார்கள்! அதனால் எண்ணைப் பிடிக்க வேண்டும். அதிலும் இரண்டு எண்கள் உண்டு. சேரும்போது கொடுப்பது வாரண்ட் எண், அது கடைசிவரை மாறாது. சட்டைக் கழுத்துப்பட்டையில், அவர் வேலை பார்த்த டிவிஷனை (போலீஸ் பகுதியை) குறிக்கும் ஆங்கில எழுத்தோடு இருப்பது காலர் எண். இடமாற்றம் வந்தால் இது மாறிவிடும், அவர் விட்டுப்போன எண் வேறொருவருக்குப் போய்விடும். ரிப்பரிடம் பலியான இன்னொருவர் மேரி ஆன் நிக்கல்ஸ்; அவருடைய உடலைக் கண்ட கான்ஸ்டபிள் ஜான் நீல் 97 ஜே, அதாவது பெத்னல் கிரீன் டிவிஷன். வீட்டில் பழைய புகைப்படம் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துக் கழுத்துப்பட்டையைப் பாருங்கள். ஆனால் அதில் தெரியும் எண்ணை வைத்து வாரண்ட் பதிவேட்டைத் தேடினால் முன்பின் தெரியாத ஒருவர்தான் வந்து நிற்பார்.

டிவிஷன் எழுத்தையும் முழுதாக நம்பிவிட முடியாது. கோல்ஸ்டன் தெருவில் எடோஸின் ஏப்ரன் துண்டைக் கண்டெடுத்த ஆல்ஃபிரட் லாங் 254 ஏ. ஏ என்றால் வைட்ஹால் டிவிஷன். ஆள் போதாமல் வைட்சேப்பலுக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

சரி, மெட்ரோபாலிட்டன் பதிவேடுகளுக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு ஃபைல் என்று முழுப் பணி வரலாறும் ஒரே இடத்தில் இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், நடுவே ஓட்டைகளும் உண்டு. சேர்ந்தவர்களின் பதிவேடு 1830 முதல் 1857 வரை இருக்கிறது, அப்புறம் 1878இல்தான் மறுபடி தொடங்குகிறது. உறுதிமொழிப் பதிவேடு 1869இலிருந்து உண்டு, அதில் அவருடைய கையெழுத்தையே பார்க்கலாம். அப்படியானால் 1860இல் சேர்ந்தவரை எங்கே பிடிப்பது? ஓய்வூதியப் பதிவில்தான். கியூவில் மெப்போ 21 (MEPO 21) என்று எண்ணிட்டு வைத்திருக்கும் ஓய்வூதியத் தொகுதி 1852இலிருந்து தொடங்குகிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சுவையான தொகுதி இதுதான். பிறந்த ஊர், உயரம், முடியின் நிறம், அப்பா அம்மா பெயர் வரை அதில் இருக்கும். ஆனால் 1890 வரை ஓய்வூதியம் உரிமை அல்ல, மேலிடம் மனது வைத்தால்தான் உண்டு. அந்த ஆண்டு வந்த சட்டம்தான் 25 வருடப் பணிக்கு அதை உரிமையாக்கியது. ஆகவே அதற்கு முன் விலகியவர் இந்தத் தொகுதியில் இல்லையென்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வாக்காளர் பட்டியலில் இல்லையே என்று சிலர் குழம்புவார்கள். 1887 வரை போலீஸ்காரர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையே கிடையாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதில் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள். 1674 முதல் 1913 வரை இருக்கிறது. சாட்சி சொல்ல வந்த கான்ஸ்டபிளின் பெயரோடு டிவிஷன் எழுத்தும் எண்ணும் பல இடங்களில் அச்சாகியிருக்கும். எந்த ஆண்டில் எந்த டிவிஷனில் இருந்தார் என்பது இப்படித் தெரிந்துவிட்டால், மெட்ரோபாலிட்டன் தலைமை அன்றாடம் வெளியிட்ட போலீஸ் ஆணைகளில் அவருடைய இடமாற்றம், பதவி உயர்வு, தண்டனை எல்லாவற்றையும் தேடலாம். பொறுமை வேண்டும்.

தண்டனை என்றதும் சிலருக்கு முகம் வாடிவிடும். பணிநீக்கம் என்று படித்ததும் "இது எங்கள் ஆள் இல்லை" என்று ஒதுக்கி, நல்ல பெயரோடு ஓய்வுபெற்ற இன்னொரு ஜான் ஸ்மித்தைக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 1829இல் மெட்ரோபாலிட்டன் போலீஸ் தொடங்கியபோது வாரண்ட் எண் 1 பெற்ற வில்லியம் அட்கின்சனே குடித்துவிட்டு வந்ததற்காக முதல் நாளிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மேலே சொன்ன லாங்கும் 1889இல் அதே காரணத்துக்காக வேலை இழந்தார். அந்தக் காலத்துப் பதிவேடுகளில் இது சர்வசாதாரணம். பிறந்த ஊர், வயது, மனைவி பெயர் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அவர் லண்டனுக்கு வெளியே வேலை பார்த்தவர் என்றால் கியூவுக்குப் போய்ப் பயனில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாக் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) போலீஸ் வைத்தே ஆக வேண்டும் என்று 1856இல்தான் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டிக்கும் தனிப் படை. அவற்றின் பதிவேடுகளில் எஞ்சியவற்றை அந்தந்த ஊர் ஆவணக் காப்பகத்திலோ போலீஸ் அருங்காட்சியகத்திலோ கேட்க வேண்டும். ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி மட்டும் விதிவிலக்கு. அயர்லாந்தில் வேலை பார்த்த அவர்களின் பணிப் பதிவேடுகள் கியூவில் எச்.ஓ. 184 தொகுதியில் இருக்கின்றன.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரு குழந்தை லண்டனிலும் அடுத்தது போர்ட்ஸ்மவுத்திலோ வேல்ஸின் பெம்புரோக்கிலோ பிறந்திருந்தால், அப்பா வேலையை விட்டுவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். 1860 முதல் அரசுக் கடற்படைத் துறைமுகங்களைக் காவல் காத்ததும் மெட்ரோபாலிட்டன் போலீஸ்தான்.