தெர்மோஸ்டாட்: சூட்டை நிறுத்துவதா, நிற்க வைப்பதா?

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? கழற்றிப் போட்டுட்டா இன்ஜின் ஜில்லுனு ஓடும்."

லாரியோ டிராக்டரோ விசைப்படகோ, எந்தப் பட்டறைக்குப் போனாலும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி இப்படிச் சொல்லும் ஒரு மெக்கானிக்கையாவது பார்த்துவிடலாம். சொல்பவர் நல்ல அனுபவசாலியாகவே இருப்பார். ஆனால் அந்தச் சொல்லுக்கு அவர் மனதில் பதிந்திருக்கும் பொருள், சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சாமான் என்பது. நடப்பது நேர்மாறு. இன்ஜினைக் குளிர வைப்பது பம்பும் தண்ணீரும். தெர்மோஸ்டாட் அந்தத் தண்ணீருக்குக் குறுக்கே நின்று, 'இன்னும் போதிய சூடு வரவில்லை, பொறு' என்று தடுத்து வைக்கிறது. இன்ஜின் எவ்வளவு குளிரலாம் என்பதற்குத்தான் அது எல்லை கட்டுகிறது. எவ்வளவு கொதிக்கலாம் என்பது அதன் கையில் இல்லை.

சொல்லின் வேரைப் பார்த்தால் இது அப்படியே அதில் இருக்கிறது. கிரேக்கத்தில் தெர்மோஸ் என்றால் சூடான. ஸ்டாட்டோஸ் என்றால் நிற்கின்ற, நிலைபெற்ற. சூட்டை ஓர் இடத்தில் நிற்க வைப்பது தெர்மோஸ்டாட். தெர்மாமீட்டரும் தெர்மாஸ் குடுவையும் முதல் பாதியின் சொந்தக்காரர்கள். பள்ளி ஆய்வகத்தில் கம்பிச்சுருளின்மேல் நகர்த்தி விளையாடிய ரியோஸ்டாட் இரண்டாம் பாதிக்குச் சொந்தம்.

இன்னும் தூரத்துச் சொந்தங்களும் உண்டு. கிரேக்கத் தெர்மோஸ், சமஸ்கிருத கர்ம (வெப்பம் என்ற பொருளில் வருவது, வினை என்னும் கர்மம் வேறு), பாரசீக கர்ம் மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. பாரசீகச் சொல் இந்திக்குப் போய், அங்கிருந்து நம் அடுப்படிக்கு கரம் மசாலாவாக வந்தது. ஸ்டாட்டோஸுக்கு உறவான சமஸ்கிருத ஸ்தா என்ற வேரிலிருந்து ஸ்தானம், ஸ்தாபனம், ஸ்திரம் எல்லாம் வந்தன. ஆக, இந்தச் சொல்லின் இரண்டு பாதிகளின் உறவினர்களும் நம் வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். இறக்குமதியானது இன்ஜின் பாகம் மட்டும்தான்.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தால், சூடு ஏறும்போது பட்டை வளையும். அந்த வளைவைக் கொண்டு காற்றுவழியைத் திறந்து மூடும் கருவிக்கு 1830-இல் காப்புரிமை பெற்று, இந்தப் பெயரை வைத்தார். கருவியின் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரர் கொர்னேலிஸ் ட்ரெபெல், கோழிமுட்டைப் பொரிப்பானுக்குப் பாதரசத்தை வைத்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சூடு கூடினால் பாதரசம் விரிந்து, அடுப்புக்குப் போகும் காற்றைக் குறைத்துவிடும். 1620 வாக்கில் துடுப்புப் போட்டுச் செலுத்தும் நீர்மூழ்கிப் படகைத் தேம்ஸ் ஆற்றில் ஓட்டிக் காட்டியவரும் இவரேதான். படகு இன்ஜின் தெர்மோஸ்டாட்டைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இன்று இன்ஜினுக்குள் இருப்பது உலோகப் பட்டையும் இல்லை, பாதரசமும் இல்லை. மெழுகு. பித்தளைக் குப்பி ஒன்றில் மெழுகை அடைத்திருப்பார்கள். சூட்டில் மெழுகு உருகி விரியும், விரிவது ஒரு தண்டைத் தள்ளும், தண்டு, வில்லின் எதிர்ப்பை மீறி ஒரு வட்டத் தகட்டைத் தூக்கும், தண்ணீர் பாயும். ஆறினால் மெழுகு சுருங்க, வில் தகட்டைப் பழைய இடத்தில் அமர்த்திவிடும். மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய முறை இது. இந்த மெழுகுக் குப்பி எப்போதும் இன்ஜினில் சூடான நீர் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால், திறக்க வேண்டிய நேரத்தில் அதற்குச் செய்தியே போய்ச் சேராது.

சரி, எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும்? சாலை வண்டிக்காரருக்கும் படகுக்காரருக்கும் பாதை பிரிவது இங்கேதான். உலகெங்கும் பாய்மரப் படகுகளின் வயிற்றில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன ஜப்பானிய டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம்: யான்மாரின் ஜிஎம் வரிசை. ஒரு சிலிண்டருக்கு 1ஜிஎம்10, இரண்டுக்கு 2ஜிஎம்20, மூன்றுக்கு 3ஜிஎம்30. (யான்மார் என்ற பெயரே ஒரு சொல்லாய்வுக்கு உரியது. தட்டான்பூச்சியைக் குறிக்கும் யான்மா என்ற ஜப்பானியச் சொல்லும், 1912-இல் ஒசாகாவில் நிறுவனத்தைத் தொடங்கிய யாமாஓகாவின் பெயரும் கலந்தது அது.)

இவற்றில் இரண்டு, மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் இரண்டு வகையாக வந்தன. ஒன்றில் கடல்நீரே சிலிண்டரைச் சுற்றி ஓடி, புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். பெயரின் கடைசியில் எஃப் சேர்ந்த மற்றொன்றில் நன்னீரும் குளிர்விப்புத் திரவமும் கலந்து உள்ளுக்குள்ளேயே சுற்றும். கடல்நீர் வெப்பப் பரிமாற்றியின் குழாய்கள்வரை வந்து, சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும். இன்ஜின் அடிப்படையில் ஒன்றுதான். ஆனால் கடல்நீர் வகையின் தெர்மோஸ்டாட் 42 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கி 52-இல் முழுதாகத் திறக்கும். நன்னீர் வகையில் அது 71-இல் தொடங்கி 85-இல் முடியும். ஏறக்குறைய 30 டிகிரி வித்தியாசம். இரண்டுமே அததற்கு இயல்பான சூடு. அமெரிக்கப் பெட்ரோல் படகு இன்ஜின்களிலும் கதை இதுதான்: நேரடியாகக் கடல்நீர் ஓடுபவற்றுக்கு வழக்கமாக 60 டிகிரி, நன்னீர் சுற்றுபவற்றுக்கு 71 அல்லது அதற்கு மேல். கார்களில் 80-களில் இருப்பது சாதாரணம்.

கடல்நீர் வகையை ஏன் இப்படி ஆறவைத்தே ஓட்ட வேண்டும்? 'உப்பு படிந்துவிடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. நாம் சாப்பிடும் உப்பு படிவதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்தே சுமார் 35 கிராம்தான். சோற்றுப்பு ஒரு லிட்டர் நீரில் 350 கிராமுக்கு மேல் கரையும், சூடு ஏறினால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே கரையும். படிவது சுண்ணாம்பு வகைகள், அதாவது கால்சியம் கார்பனேட், கால்சியம் சல்பேட் போன்றவை. இவற்றின் குணம் வேறு. நீர் சூடேற ஏற இவை கரைவது குறையும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே கூட்டம்தான். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்தவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். அது கால்சியம் சல்பேட்தான். இன்ஜினுக்குள், சிலிண்டர் சுவரை ஒட்டி ஓடும் நீர், மீட்டர் காட்டும் சூட்டைவிட அதிகச் சூட்டில் இருக்கும். படிவு அந்தச் சுவரில்தான் முதலில் பிடிக்கும். பிடித்த படிவு சூட்டை நீருக்குக் கடத்தாது. அடுத்த பருவத்தில் இன்ஜின் காரணமே தெரியாமல் கொதிக்கும். அதனால்தான் கடல்நீர் இன்ஜினுக்கு, 'அதுவும் டீசல்தானே' என்று நன்னீர் வகையின் தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்டக் கூடாது.

அப்படியானால் கழற்றியே போட்டுவிட்டால் நல்லதுதானே என்ற கேள்வி மறுபடி வரும். வராது என்று நினைத்தால் நமக்கு மெக்கானிக்குகளைத் தெரியாது என்று பொருள்.

டீசல் எரிய வேண்டியது சூட்டில். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் எரிபொருள் அரைகுறையாக எரிந்து, மிச்சம் சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கும். எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் குளிர்ந்த உலோகத்தில் துளிர்க்கும். டீசலில் இருக்கும் கந்தகத்தின் ஆக்சைடுகள் அந்த ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அது சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அரிக்கும். எண்ணெய் உரிய சூட்டுக்கு வராததால் அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் சேறுபோல் திரளும். இதில் எதுவும் ஒரே நாளில் தெரியாது. இன்ஜின் ஜில்லென்று ஓடிக்கொண்டே தேயும். வேடிக்கை என்னவென்றால், பல நன்னீர் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தகடு, நீரை வெப்பப் பரிமாற்றிக்குப் போகவிடாமல் இன்ஜினுக்கே திருப்பும் பக்கவழி ஒன்றை மூடும்படி அமைத்திருப்பார்கள். முழுசாகக் கழற்றிவிட்டால் அந்தப் பக்கவழி நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பத் திரும்பச் சுற்றும். குளிர வைக்கக் கழற்றியது, பாரம் ஏறியதும் கொதிக்கும்.

கொதித்தாலும் உடனே தெர்மோஸ்டாட்டின்மேல் பழி போட வேண்டியதில்லை. கடல்நீர் வடிகட்டியில் பாசியோ பாலித்தீனோ அடைத்திருக்கிறதா, பம்பின் ரப்பர் இம்பெல்லரில் இதழ் ஒடிந்திருக்கிறதா, புகைக்குழாயில் நீர் கலக்கும் வளைவு துருவிலும் கரியிலும் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் தெர்மோஸ்டாட். சோதிக்க அடுப்படி போதும். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாதபடி தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்து மெல்லச் சூடேற்றினால், எந்த டிகிரியில் வாய் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். விளிம்பில் பொறித்திருக்கும் எண் பொதுவாகத் திறக்கத் தொடங்கும் சூடு, முழுதாகத் திறக்கும் சூடு இல்லை. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 71 என்று போட்ட தெர்மோஸ்டாட் வைத்த இன்ஜின் 80-இல் ஓடினால் அது கோளாறு ஆகாது. இயல்பான சூடு என்பது ஒற்றை எண் இல்லை. திறக்கத் தொடங்கும் இடத்துக்கும் முழுதாகத் திறக்கும் இடத்துக்கும் நடுவில் ஊசி உலாவும் ஓர் அகலம்.

இனி தமிழ்ச்சொல். வெப்பநிலைநிறுத்தி, வெப்பநிலைப்படுத்தி, வெப்பக் கட்டுப்படுத்தி எனப் பல வழங்குகின்றன. வெப்பநிலைகாப்பி என்று ஒரு சொல் செய்து பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னதும் டிகிரி காப்பியின் நினைவு வந்ததால் கைவிட்டேன். கட்டுப்படுத்தி என்பது பொருளைத் தளர்த்திவிடுகிறது. குறைப்பதும் கட்டுப்படுத்துவதுதானே என்று மெக்கானிக் அண்ணன் தன் வாதத்துக்கே திரும்பிவிடுவார். கிரேக்கச் சொல்லுக்கு மிக நெருங்கி வருவது முதலாவது. ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. நில் என்பதன் பிறவினையான நிறுத்து, தமிழில் இரண்டு வேலை செய்கிறது. பேருந்தை நிறுத்தினார் என்றால் ஓட்டம் நின்றது. கொடிமரம் நிறுத்தினார்கள் என்றால் எழுந்து நின்றது. தேர்தலில் ஒருவரை நிறுத்தினார்கள் என்பதை அவருடைய எதிரிகள் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். வெப்பநிறுத்தி என்று சுருக்கினால் படிப்பவர் மனதில் பேருந்துதான் வரும். நிலைநிறுத்து என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. அது எழுப்பி நிற்க வைப்பதை மட்டுமே சொல்லும். ஆகவே 'வெப்பநிலை நிறுத்தி' என்று பிரிக்காமல் 'வெப்ப நிலைநிறுத்தி' என்று பிரித்து எழுதுவதே சரி என்பது என் கட்சி. இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, இன்ஜின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இன்ஜினுக்குள் இருக்கும் அந்தப் பித்தளைச் சாமானுக்கு மட்டும் எனக்கு இன்னொரு ஆசை. நம் பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஒன்று உண்டு. நீருக்குள் இருக்கும் துளையை ஒரு கல் அடைத்திருக்கும். கல்லை மேலே தூக்கினால் தண்ணீர் இறங்கும். இங்கே கல்லுக்குப் பதில் தகடு, தூக்கும் ஆளுக்குப் பதில் மெழுகு. வெப்பமதகு என்று சொன்னால் என்ன? குளிர வைக்கும் பொருள் என்று யாருக்கும் தோன்றாது. மதகைப் பெயர்த்துப் போட்டால் ஏரி என்ன ஆகும் என்று விளக்கவும் வேண்டாம். பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வு என்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரருக்கு அதுதான் புரியும். எழுதும்போது இப்படி எழுதலாம்: கடல்நீரில் குளிரும் 3ஜிஎம்30-இன் வெப்பமதகு 42 டிகிரியில் திறக்கத் தொடங்கும், 52-இல் முழுதாகத் திறந்துவிடும்.