சொல் விளக்கம்: பங்கு குறைந்த பிரிவினர்

அமெரிக்காவில் கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), பூர்வகுடிப் பிள்ளைகளைக் கல்லூரி நாட்களிலேயே புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தயார்செய்யும் திட்டங்கள் உண்டு. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘பின்தங்கிய மாணவர்களுக்குப் பயிற்சி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதைப் பலமுறை பார்த்து அலுத்துப்போன பிறகுதான் இதை எழுதுகிறேன். மூலத்தில் இருக்கும் சொல் ‘அண்டர்ரெப்ரசென்டட்’. அதற்குப் ‘பின்தங்கிய’ என்பது பொருளே அல்ல.

வேர் எளியது. ‘ரெப்ரசென்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. திரும்பவும் கண்முன் நிறுத்துவது என்பது பழைய பொருள். பிறகு ஒருவருக்காக இன்னொருவர் மன்றத்தில் நிற்பதைக் குறித்தது. அப்புறம் புள்ளியியலுக்கு வந்தது: மக்கள்தொகையில் ஒரு பிரிவு எந்த அளவில் இருக்கிறதோ, அந்த அளவில் ஒரு துறையிலும் காணப்படுவது. முன்னால் ‘அண்டர்’ சேர்ந்தால், அந்த அளவுக்குக் கீழே இருப்பது. அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 13 சதவீதம். மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியோடு சொந்த ஆய்வுக்கூடம் நடத்துபவர்களில் அவர்கள் பங்கு அதற்கு வெகு கீழே. அந்தச் சொல் குறிப்பது இந்த இடைவெளியை மட்டும்தான்.

இந்த இடைவெளி துறையின் குறை. ‘பின்தங்கிய’ என்று எழுதினால் குறை மாணவரின் தலையில் ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டு வாசகர் ‘பின்தங்கிய மாணவர்’ என்று படித்ததும் படிப்பில் தடுமாறுபவர் என்றுதான் முதலில் நினைப்பார். சமூக நிலை பிறகுதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தத் திட்டங்களில் சேர்கிறவர்கள் நல்ல மதிப்பெண்ணோடும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடும் போட்டி போட்டு இடம் பிடிக்கிறவர்கள். கோடை விடுமுறை முழுக்க ஆய்வுக்கூடத்தில் செல் வளர்த்து, தரவுகளை அலசி, முடிவில் தங்கள் ஆய்வைச் சுருக்கிக் காட்டும் சுவரொட்டியின் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர்கள். மேரிலாந்தில் 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டத்திலிருந்து வந்தவர்தான் கொரோனா தடுப்பூசி ஆய்வில் பெயர்பெற்ற கறுப்பின விஞ்ஞானி கிஸ்மெக்கியா கார்பெட். அவரைப் பின்தங்கியவர் என்று எந்த வாயால் சொல்வது?

‘நலிந்த பிரிவினர்’, ‘விளிம்புநிலை மாணவர்’ என்ற மாற்றுகளும் இதே தவறைத்தான் செய்கின்றன. தேசிய சுகாதார நிறுவனங்கள் 2019-இல் வெளியிட்ட வரையறையில் யார் யாரெல்லாம் இருந்தார்கள் என்று பாருங்கள். இனக்குழுக்கள் இருந்தன, மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள், பெற்றோர் இருவரும் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், மூத்த பேராசிரியர் பதவிகளில் பெண்களும் இருந்தார்கள். ஒரு மூத்த பெண் பேராசிரியரை நலிந்தவர் என்று எழுத முடியுமா? அவருக்கும் பெற்றோர் பட்டம் பெறாத வீட்டு மாணவருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: துறையில் அவர்கள் பிரிவுக்கு உரிய பங்கு இல்லை.

‘சிறுபான்மையினர்’ என்பதும் சரிவராது. அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் அவர்கள் சிறுபான்மையினர்தான். ஆனால் உயிரியல் மருத்துவ ஆய்வில் ஆசியர்களின் எண்ணிக்கை குறைவில்லை என்பதால், அந்த 2019 வரையறையின் இனப் பட்டியலில் அவர்கள் இருக்கவில்லை. சிறுபான்மை வேறு, பங்கு குறைவு வேறு. அதே தேசிய சுகாதார நிறுவனங்கள் 1970களில் தொடங்கிய ‘மார்க்’ என்ற ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டத்தின் பெயரில் முதலில் ‘மைனாரிட்டி’ என்ற சொல் இருந்தது. முதலெழுத்து மாறாமல் பின்னாளில் அதை எடுத்துவிட்டு ‘மேக்ஸிமைஸிங்’ (கூடியவரை பெருக்குதல்) என்று வைத்தார்கள். அவர்களே கைவிட்ட சொல்லை நாம் ஏன் மொழிபெயர்ப்பில் திரும்பக் கொண்டுவர வேண்டும்?

இனி ‘பிரதிநிதித்துவம்’. இதை நான் லேசாக ஒதுக்கவில்லை. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்று கேட்டுப் போராடிய மண் இது. இந்திய அரசமைப்பின் 16(4) பிரிவும் அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத வகுப்புகளைப் பற்றித்தான் பேசுகிறது. கருத்து நமக்குப் பழக்கமானதே. ஆனால் ‘குறைவாகப் பிரதிநிதித்துவப்படுத்தப்பட்ட குழுக்களைச் சேர்ந்த மாணவர்கள்’ என்ற தொடரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், யார் எதற்குப் பிரதிநிதி என்றே தெரியாது. பிரதிநிதி என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். ஆய்வுக்கூடத்துக்குள் போகும் பெண் யாருக்குப் பதிலாகவும் போகவில்லை, தன் வேலையைச் செய்யப் போகிறாள். ‘சார்பாளர்’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லை வைத்துப் புதிதாக ஆக்கினாலும் இதே சிக்கல்தான். இதைவிட மோசம் ‘பிரதிநிதித்துவப்படுத்தப்படாத’ என்று எழுதுவது. குறைவு என்பதை இல்லை என்று ஆக்கிவிட்டால், 1964-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தை நிறுவிய ஏழு பேரில் ஒருவரான ஜேன் குக் ரைட் என்ற கறுப்பினப் பெண் மருத்துவர் வரலாற்றிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

என் பரிந்துரை: ‘பங்கு குறைந்த பிரிவினர்’. ‘பகு’ என்ற வினையோடு உறவுள்ள சொல் பங்கு. அதில் அளவும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. பங்காளி என்றால் சொத்தில் பாத்தியதை உள்ளவர். தயவுக்குக் காத்திருப்பவர் இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சியில் இந்த உரிமைப் பொருள் மிக முக்கியம். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளரும் ஹீலா செல்கள், 1951-இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து அவர் அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்டவை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு; அதனால் இறப்பதோ ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். நோயில் இவ்வளவு பங்கு இருப்பவர்களுக்கு, எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் இடத்திலும் பங்கு வேண்டும்.

2025-இல் அமெரிக்க அரசு இத்தகைய திட்டங்கள் பலவற்றுக்கு நிதியை நிறுத்தியது. அரசு ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய சொற்களில் ‘அண்டர்ரெப்ரசென்டட்’ என்பதும் ஒன்றாகக் குறிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அங்கே இவ்வளவு சண்டைக்கு உள்ளான சொல்லை இங்கே ‘பின்தங்கிய’ என்று பெயர்த்தால், சண்டை எதைப் பற்றியது என்பதே நம் வாசகருக்குப் போய்ச்சேராது. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டுகிற பழக்கம்தான் காரணம். இதே செய்திகளில் இளநிலை மாணவர்களைப் ‘பட்டதாரி மாணவர்கள்’ என்றும் எழுதுகிறார்கள். பட்டமே வாங்காதவர் எப்படிப் பட்டதாரி ஆவார்?

பங்கு என்றால் பங்குச்சந்தை நினைவு வருமே என்று ஒருவர் கேட்கலாம். அதனால்தான் சொல்லைத் தனியே விடாமல் ‘ஆராய்ச்சியில் பங்கு குறைந்த பிரிவினர்’ என்று துறையோடு சேர்த்து எழுதச் சொல்கிறேன். பெயர்ச்சொல்லாக வேண்டும் என்றால் ‘பங்குக்குறைவு’. எதிர்ச்சொல் தேவைப்பட்டால் ‘பங்கு மிகுந்த’. ‘பங்கேற்பு குறைந்த’ என்று மட்டும் மாற்றிவிட வேண்டாம். அது அவர்களே வர விரும்பவில்லை என்று பொருள்பட்டுவிடும்.