பிரீச்சஸ் பார்ட்: ஆண்வேடமா, மாறுவேடமா?

பிரிட்டிஷ் நாடக வரலாற்றில் பெண்களைப் பற்றி ஆராய வருபவர்களுக்கு வெகு சீக்கிரமே எதிர்ப்படும் சொல் இது. பிரீச்சஸ் என்றால் முழங்காலோடு நிற்கும் காற்சட்டை. 17, 18-ஆம் நூற்றாண்டு ஆண்களின் உடை. அதைப் போட்டுக்கொண்டு நடிகை மேடையேறும் பாத்திரத்துக்கு அந்த உடையே பெயராகிவிட்டது.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலம். 'புரோக்' ஒருமை, 'பிரேச்' பன்மை. அது பன்மை என்பதே மறந்துபோய், பின்னால் இன்னொரு பன்மை விகுதியும் சேர்ந்தது. நம் 'அவர்' மேல் 'கள்' ஏறி 'அவர்கள்' ஆனதைப் போல. 'பார்ட்' என்பது நடிகர் கையில் கொடுக்கப்படும் தாள். அவருடைய வசனம் மட்டும் அதில் இருக்கும். நம் ஸ்திரீபார்ட்டிலும் ராஜபார்ட்டிலும் இருப்பது இதே பார்ட்தான்.

1660 வரை லண்டன் பொது அரங்குகளில் பெண் பாத்திரங்களைச் சிறுவர்களும் இளைஞர்களுமே நடித்தார்கள். 1642-இல் மூடப்பட்ட அரங்குகள் மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்தில் திறந்தபோது நடிகைகள் வந்தார்கள். 1660 டிசம்பர் 8 அன்று ஒரு பெண், ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தின் நாயகி டெஸ்டிமோனாவாக நடித்தார். அப்புறம் ஆணுடைப் பாத்திரங்கள் பெருகின. 1660 முதல் 1700 வரை அரங்கேறிய சுமார் 375 நாடகங்களில் 89-இல் நடிகை ஆணுடையில் வருகிறார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1667-இல் நடிகை நெல் க்வின் வாலிபனாக வந்து நின்ற அழகைச் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் மெச்சி எழுதினார்.

தரையைத் தொடும் பாவாடை மறைத்த கால்களைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது என்பது ஒரு வாதம். வாள் வீசவும் வாயாடவும் தடையின்றி நடக்கவும் நடிகைக்குக் கிடைத்த வாய்ப்பு இது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பெயரில் நிலைத்தது உடை மட்டும்தான். அது எனக்கு உறுத்துகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காற்சட்டைப் பாத்திரம்' என்றால் யாருக்கும் புரியாது. ராஜபார்ட் நாயக வேடத்தின் பெயர். அதை ஆணும் ஏற்கலாம், பெண்ணும் ஏற்கலாம். அதனால் அதுவும் பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதைக்குள்ளேயே ஒரு பெண் ஆணாக ஒளிந்து திரிவது வேறு. நடிகை நேராக ஓர் ஆண் பாத்திரத்தையே ஏற்பது வேறு. 1740-இல் நடிகை பெக் வொஃபிங்டன் லண்டனின் காவன்ட் கார்டன் அரங்கில் சர் ஹாரி வில்டேர் என்ற ஆண் பாத்திரமாக நடித்தது இரண்டாவது வகை. அதற்கு ஆங்கிலத்தில் 'டிராவெஸ்டி' என்று தனிப்பெயர் இருந்தும் பலர் இரண்டையும் பிரீச்சஸ் என்றே எழுதிவிடுகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பம் வேண்டியதில்லை. நடிப்பவர் போடுவது வேடம். பாத்திரம் போடுவது மாறுவேடம். ஆகவே ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஆணாக ஒளிந்து திரியும் நாயகிகள் ரோசலிண்டும் வயோலாவும் 'ஆண் மாறுவேடப் பாத்திரங்கள்'. வொஃபிங்டனின் வில்டேர் 'ஆண்வேடம்'.