டாட்ஃபைல் என்னும் புள்ளிக்கோப்பு: சொல் விளக்கம்

ஒரு கணினியில் கைக்குப் பழகிய விசைச் சுருக்கங்களும் கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தின் நிறங்களும் அடுத்த கணினியிலும் அப்படியே வேண்டும் என்று நினைப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் 'டாட்ஃபைல்'. பெயரின் முதல் எழுத்தாகப் புள்ளியைக் கொண்ட கோப்பு என்பது நேர்பொருள். லினக்ஸ், மேக் இயங்குதளங்களில் பயனரின் இல்ல அடைவில், அதாவது அவருக்கே உரிய கோப்புறையில், இவை இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை இவற்றைக் காட்டாது; கேட்டால்தான் காட்டும். பாஷ் (கட்டளைகளை இயக்குவது), விம் (உரை திருத்தி), கிட் (கோப்புகளின் பதிப்புகளைக் காப்பது) போன்ற மென்பொருள்கள் தங்கள் அமைவை இவற்றிலிருந்து படிக்கின்றன.

புள்ளிக்கு மறைக்கும் ஆற்றல் தற்செயலாக வந்தது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கக் காலத்தில் ஒவ்வோர் அடைவிலும் அந்த அடைவையே குறிக்க ஒற்றைப் புள்ளியும், மேலடைவைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் சேர்க்கப்பட்டன. பட்டியலில் அவை வராதிருக்க எல்எஸ் நிரலில் ஒரு சோதனை எழுதினார்கள். அது முழுப் பெயரையும் ஒப்பிடாமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது. ஆகவே புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளும் மறைந்தன. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் இதை எழுதியபோது, குறுக்குவழியால் விளைந்த பிழை என்றே கருதினார். பாஷ்ஆர்சி, விம்ஆர்சி ஆகிய கோப்புப் பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'ஆர்சி' இன்னும் பழையது: 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்துக்காக லூயி பூசான் எழுதிய 'ரன்காம்' என்ற நிரலின் எச்சம் அது.

தமிழில் சிலர் 'மறைகோப்பு' என்று சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைவு இங்கே பக்கவிளைவு. மேலும் அந்தச் சொல், கோப்பு பாதுகாப்பாக இருக்கிறது என்ற தவறான எண்ணத்தையும் தரும். 'புள்ளிக்கோப்பு' கண்ணால் காணும் அடையாளத்தைச் சொல்கிறது, அதுவே பொருத்தம். உள்ளே இருக்கும் 'கான்ஃபிகரேஷன்' என்பதற்குக் 'கட்டமைப்பு' என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். சாலையும் பாலமும் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. 'அமைவடிவம்' துல்லியமானது, ஆனால் நாவுக்குச் சற்றுப் பாரம். 'அமைவு' போதும். கணினிக்குக் கணினி எடுத்துச் செல்லும் முழுத் தொகுப்பைப் 'பயனர் சூழல் அமைவு' என்கிறேன்.

இத்தகைய அமைவோடு சேர்த்துச் சொல்லப்படும் 'மாடுலர்', அதாவது கூறுகளாகப் பிரித்த, என்ற அடைமொழியும் கவனிக்கத் தக்கது. அமைவு முழுவதையும் ஒரே கோப்பில் எழுதி இன்னொரு கணினிக்கு நகலெடுத்தால், அங்கே பாதை வேறு, இயங்குதளம் வேறு. அங்கே திருத்தியது இங்கே வராது. சில மாதங்களில் இரண்டு கோப்புகளும் உறவு முறித்துக்கொள்ளும். 'கூறுநிலை அமைவு' இதற்குத் தீர்வு: எங்கும் பொருந்துவது ஒரு கூறு, இயங்குதளத்துக்கு உரியது ஒரு கூறு, அந்தக் கணினிக்கு மட்டும் உரியது ஒரு கூறு. முதன்மைக் கோப்பு இவற்றை உள்ளிழுக்கும். கிட் மென்பொருளின் அமைவுக் கோப்பு பிற கோப்புகளை உள்ளிழுப்பதோடு, அடைவைப் பொறுத்து நிபந்தனையும் வைக்க இடம் தருகிறது. ஒரே கணினியில் அலுவலகத் திட்டங்களுக்கு ஒரு மின்னஞ்சல், சொந்தத் திட்டங்களுக்கு வேறொன்று என்று பிரிப்பது இதனால் எளிது.

கூறுகளைக் கிட் களஞ்சியத்தில் (பதிப்பு வரலாற்றோடு கோப்புகளைச் சேமிக்கும் இடம்) வைத்து, இல்ல அடைவிலிருந்து குறியிணைப்பு, அதாவது அசல் கோப்பைச் சுட்டும் இணைப்பு, கொடுப்பது பரவலான வழக்கம். குனு ஸ்டோ என்ற கருவி அந்த இணைப்புகளைத் தானே இடும். 'ஷேமுவா' (chezmoi) என்ற கருவி வேறு வழியில் செல்கிறது: வார்ப்புருவிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் ஏற்ற கோப்பை உருவாக்கித் தருகிறது. அந்தப் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் 'என் வீட்டில்' என்று பொருள்.

பகிரக் கூடாத கூறும் ஒன்று உண்டு. பிற கணினிகளுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் தனித் திறவுகோல், கடவுச்சொல், சேவைகளின் அணுகல் குறியீடு ஆகியவையும் பல நேரங்களில் புள்ளிக்கோப்புகளிலோ புள்ளியில் தொடங்கும் அடைவுகளிலோ வாழ்கின்றன. அவற்றைத் தனிக் கோப்பில் ஒதுக்கி, களஞ்சியம் அதைப் புறக்கணிக்கும்படி முதலிலேயே குறித்துவிட வேண்டும். தவறிப் பொதுக் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் கோப்பை அழிப்பது மட்டும் பயன் தராது, பழைய பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும். அந்தத் திறவுகோலைச் செல்லாததாக்கிப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும்.